எல்லாக் காருக்கும் ஒரே கம்பளிப் பேட் பொருந்தாது

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

நல்லூர்த் திருவிழாவும் ஆவணி மாதத்துக் கலியாணங்களும் நெருங்கும் நாட்களில் யாழ்ப்பாணத்துச் சேவிஸ் நிலையங்களிலும் பெயின்ற் கராஜ்களிலும் ‘கட் அன்ட் பொலிஷ்’ (மெசினால் பெயின்றின் மேற்பரப்பைத் தேய்த்து மினுக்கும்) வேலை குவிவது வழமை. வாடகை வான் முதல் மாப்பிள்ளை கார் வரை எல்லாம் பளபளப்பாகவே வெளியே வருகின்றன. ஆயினும் அவற்றுள் பலவற்றின் பொனற்றை வெயிலிலே சற்றுச் சரித்துப் பார்த்தால், சூரியனின் பிம்பத்தைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னியதுபோல் நுண்ணிய வட்டக் கீறல்கள் அப்படியே இருக்கும். அல்லது அவை மறைந்து, மெசின் ஓடிய தடம் நிழல் நிழலாகத் தெரியும். எந்த வாகனம் வந்தாலும் மெசினில் பொருத்தும் ஒரே கம்பளிப் பேட்டையும், கரகரப்பான தேய்ப்புப் பசையான ஒரே கடும் கொம்பவுண்டையும் கொண்டு வேலையை முடிக்கும் வழக்கம் நம்மிடையே வேரூன்றியிருப்பதே இதற்குப் பெரும்பாலும் காரணம் என்பது என் கருத்து.

இன்றைய கார்களில் நிறத்துக்கு மேலே நிறமற்ற ‘கிளியர் கோட்’ படை ஒன்று பூசப்பட்டிருக்கிறது. அதன் தடிப்பு பொதுவாக 40 முதல் 50 மைக்ரோன் வரையே. ஒரு மில்லிமீற்றர் என்பது 1000 மைக்ரோன். தூசி படிந்த காரை உலர்ந்த துணியால் துடைப்பதாலும், செம்மண் ஒட்டிய ஒரே ஸ்பொஞ்சால் கார் முழுவதையும் கழுவுவதாலும் உண்டாகும் வட்டக் கீறல்கள் அந்தப் படையிலேயே விழுகின்றன. கீறலைப் போக்குவது என்றால், அதன் அடிமட்டம் வரை சுற்றியுள்ள கிளியர் கோட்டைத் தேய்த்துச் சமப்படுத்துவது என்றே பொருள். மிதமான வேலையில் ஓரிரு மைக்ரோன் போகும். கம்பளியும் கடும் கொம்பவுண்டும் திரும்பத் திரும்ப ஓடினால் அதைவிடக் கூடுதலாகப் போகும். போனதை எந்த மெழுகும் திருப்பித் தராது. வெயிலின் புறஊதாக் கதிரைத் தாங்குவதும் அந்தப் படையே என்பதால், அளவுக்கு மீறி மெலிந்த பொனற்றும் கூரையும் சில வருடங்களில் வெளிறி உரியத் தொடங்குகின்றன. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் திறந்தது. விலையோ எட்டாத உயரத்தில் நிற்கிறது. இருக்கிற காரையே பல வருடங்கள் வைத்திருக்க வேண்டிய நமக்கு இது சிறிய விடயம் அன்று.

பேட்டும் பொலிஷும் சேர்ந்தே ‘வெட்டு’ எவ்வளவு, அதாவது பெயின்ற் எவ்வளவு தேயும் என்பதை நிர்ணயிக்கின்றன என்பது பலரின் கவனத்துக்கு வருவதில்லை. ஒரே பொலிஷ் கம்பளியில் ஆழமாக வெட்டும், மைக்ரோபைபர் பேட்டிலும் நன்றாகவே வெட்டும், இறுக்கமான ஸ்பொஞ்சில் நடுத்தரமாகவும் மெத்தென்ற ஸ்பொஞ்சில் மிகக் குறைவாகவும் வெட்டும். எனவே நடுத்தர ஸ்பொஞ் பேட்டையும் மென்மையான பொலிஷையும் எடுத்து, பொனற்றில் இரண்டடிச் சதுரமளவு இடத்தில் மட்டும் முதலில் பரீட்சித்துப் பார்ப்பதே முறையானது. அதற்கு முன் காரை நன்றாகக் கழுவி, பெயின்றில் ஒட்டிக்கிடக்கும் துணிக்கைகளைக் இதற்கென்றே விற்கும் களிக்கட்டியால் (கிளே பார்) எடுத்திருக்க வேண்டும். இல்லையேல் அந்தத் துணிக்கைகளே பேட்டுக்குள் புகுந்து புதிய கீறல் போடும். பரீட்சித்த இடத்தில் கீறல் போகவில்லை என்றால் பொலிஷை மாற்றாமல் பேட்டை ஒருபடி கடுமையாக்கலாம். அதுவும் போதாதபோதுதான் கொம்பவுண்டைத் தொட வேண்டும். ஜப்பானியக் கறுப்புக் கார்கள் சிலவற்றின் பெயின்ற் மிக மென்மையானது. அவற்றில் கம்பளி ஓடினால், கீறலை எடுப்பதற்கு முன்னரே புதிய தடங்களை அது விட்டுச் செல்கிறது.

பேட்டின் நிறத்தை நம்பி வாங்குவோருக்கும் ஓர் எச்சரிக்கை. நிறத்துக்குப் பொது விதி எதுவும் இல்லை. அமெரிக்காவின் லேக் கன்ட்ரி நிறுவனத்தின் வழமையான வரிசையில் மஞ்சள் ஸ்பொஞ் கடுமையாக வெட்டுவது; இத்தாலியின் ரூபெஸ் நிறுவனத்தில் அதே மஞ்சள் மென்மையான முடிப்புக்கு, அதாவது கடைசிப் பளபளப்புக்கு உரியது. பொலிஷ் போத்தல்களில் உள்ள இலக்கங்களும் அவ்வாறே. ஜேர்மனியின் மென்சேர்னாவில் 400 கடும் வெட்டு, 3800 கடைசி முடிப்பு. இலக்கம் கூடக் கூட வெட்டு குறைகிறது. இந்த விபரங்களைக் கடைக்காரரிடம் கேட்காமல், கையில் கிடைத்ததை வாங்கிச் செல்பவர்களே நம்மில் அதிகம்.

மெசினைப் பற்றியும் ஒரு வார்த்தை. வட்டமாக மட்டும் சுழலும் பழைய ரோட்டரி மெசின் கைதேர்ந்தவரிடம் அருமையான கருவிதான். ஆனால் சற்று நேரம் ஒரே இடத்தில் நின்றால் பெயின்றைச் சூடாக்கிவிடும். ஓரங்களிலும் மடிப்புக் கோடுகளிலும் பெயின்ற் மெலிந்திருப்பதால் அங்கே அடிப் பூச்சு வரை போவது நொடி வேலை. பிளாஸ்டிக் பம்பரோ வெப்பத்தைக் கடத்தாது; தகட்டைவிட விரைவில் எரிந்துபோகும். சுழன்றபடியே அங்குமிங்கும் ஆடும் ‘டூயல் அக்‌ஷன்’ மெசின் மெதுவானது. இந்த ஆபத்துகள் அதில் மிகக் குறைவு என்பதால், பழகுபவர்களுக்கு நான் அதையே பரிந்துரைப்பேன். எந்த மெசினானாலும் ஓரங்களுக்கு ரேப் ஒட்டுவதும், நிழலில் தகடு ஆறிய பின் தொடங்குவதும், ஒவ்வொரு பகுதி முடிந்ததும் பேட்டைத் துலக்குவதும் அவசியம். நமது வைகாசி வெயிலில் நின்ற பொனற்றில் பொலிஷ் வேலை செய்வதற்கு முன்னரே காய்ந்து பொடியாகிவிடும்.

இன்னொன்று. சில பொலிஷ்களில் எண்ணெயும் நிரப்பிகளும் இருப்பதால் அவை கீறலை எடுக்காமல் மூடிவிடுகின்றன. காசு கொடுத்து வெளியே வந்த கார் சில கழுவல்களுக்குப் பிறகு பழைய கோலத்துக்குத் திரும்புவதற்கு இது ஒரு முக்கிய காரணம். தண்ணீர் கலந்த ஐசோபுரோப்பைல் அல்ககோலால் ஓர் இடத்தைத் துடைத்துப் பார்த்தால் உண்மை அங்கேயே வெளிப்படும். காசு கொடுக்கும் முன் இதைக் கேட்க எவரும் தயங்க வேண்டியதில்லை. நகம் தட்டுப்படும் ஆழமான கீறலைப் பொலிஷால் எடுக்க முயலாமல் விடுவதே நல்லது. அதேபோல், சுண்ணக்கல் நிலத்துக் கிணற்று நீரால் வெயிலில் கழுவிக் காயவிடும்போது படியும் வெள்ளைப் பொட்டுகளைக் கீறல் என்று எண்ணிக் கொம்பவுண்ட் போடுபவர்களும் இருக்கிறார்கள். புதிதாகப் படிந்த பொட்டு தண்ணீர் கலந்த வினாகிரியிலேயே பெரும்பாலும் கரைந்துவிடும்.

நமது வீதிகளில் இன்னும் ஓடும் ஒஸ்ரின், மொறிஸ் மைனர் கார்களுக்கு இந்தக் கணக்குச் சற்று வேறு. பழைய முறைப் பெயின்றில் கிளியர் கோட் கிடையாது; பொலிஷ் செய்யும்போது பேட்டில் காரின் நிறமே ஏறும். அதைக் கண்டு பதற வேண்டியதில்லை. ஆனால் பிற்காலத்தில் கிளியர் கோட்டுடன் மறுபடி பெயின்ற் அடித்த காரில் நிறம் ஏறினால், படை அறுந்துவிட்டது என்று பொருள். மெசினை உடனே நிறுத்த வேண்டும்.

எனவே கராஜ் உரிமையாளர்களிடம் நான் கேட்பது இவ்வளவே. முழுக் காரையும் தொடுவதற்கு முன் பரீட்சித்த இடத்தை வாடிக்கையாளருக்கு வெயிலில் காட்டுங்கள். எந்தப் பேட், எந்தப் பொலிஷ் என்பதைப் பற்றுச்சீட்டில் எழுதுங்கள். முடிந்தால் பெயின்ற் தடிப்பு அளக்கும் சிறு கருவி ஒன்றை வைத்திருங்கள். அது கிளியர் கோட்டைத் தனியாகக் காட்டாது, சாதாரண வகைகள் பிளாஸ்டிக்கில் வேலை செய்யாது. எனினும் முன்பு தேய்க்கப்பட்டு மெலிந்த தகட்டை அடையாளம் காண அது போதும். கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனம் போன்ற இடங்களில் வாகனத் தொழில் கற்கும் இளைஞர்களுக்கு, பழைய பொனற் ஒன்றை முன்னால் வைத்துப் பேட்டையும் பொலிஷையும் மாற்றி மாற்றிப் பழக்கும் ஒரு குறுகிய பயிற்சியைச் சேர்த்தால் இந்தக் குறை விரைவில் தீரும். உரியவர்கள் இதைக் கவனத்தில் எடுக்குமாறு தங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாகன உரிமையாளர் ஒருவர்,
கோண்டாவில்.