பலகாரக் கடை ஆச்சிக்கும் மற்ற எல்லோருக்கும் நன்றி

உயர்நீதிமன்ற மதுரைக் கிளையில் என் மேல்முறையீட்டை விசாரணைக்கு எடுத்துக்கொண்டு, எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் அனுப்ப உத்தரவிட்டுவிட்டார்கள். இன்னும் கை நடுங்குகிறது. பணிக்காலத்தில் என் கால் போனதும், அதோடு வேலையும் போனதும் உங்களுக்குத் தெரியும், அதைத் திரும்ப எழுதத் தெம்பில்லை.

வேலையைத் திரும்பக் கேட்டு ஐகோர்ட்டில் நேரடியாகப் போட்ட ரிட் மனுவைத் தனி நீதிபதி தள்ளுபடி செய்தபோது எல்லாம் முடிந்தது என்றே நினைத்தேன். அதை எதிர்த்து இரண்டு நீதிபதிகள் அமர்வில் ரிட் அப்பீல் போட 30 நாள்தான் கெடு. காரைக்குடி செக்காலை ரோட்டில் வக்கீல் ஆபீஸ் மாடியில் இருக்கிறது. செயற்கைக் காலோடு அந்தக் குறுகல் படியில் ஏற முடியாமல் கீழேயே நின்றேன். கீழே பலகாரக் கடை வைத்திருக்கும் ஆச்சி என்னிடம் ஒன்றும் விசாரிக்கவில்லை. தேன்குழல், சீப்பு சீடை டின்களை ஒதுக்கி ஒரு மேசையைக் காலி செய்தார்கள். நாற்காலி போட்டார்கள். பேரனை மாடிக்கு அனுப்பினார்கள். “நீ உக்காரு தம்பி, அவுக இறங்கி வரட்டும்.”

வக்கீலும் குமாஸ்தாவும் கேஸ் கட்டோடு இறங்கி வந்தார்கள். வக்கீல் எனக்காக ஆஜராக அனுமதி தரும் வக்காலத்து, அப்பீல் மனு எல்லாவற்றிலும் அந்த மேசையில்தான் கையெழுத்துப் போட்டேன். தீபாவளி ஆர்டர் குவிந்துகிடந்த நேரம் அது. ஆனாலும் மனுவைத் தாக்கல் செய்யும்வரை மேசையில் ஒரு டின்கூடத் திரும்ப ஏறவில்லை.

கால் போன பிறகு வேலை பார்த்த இடத்தில் நான் கேட்டதும் கீழ்த்தளத்தில் ஒரு மேசைதான். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 20ஆம் பிரிவு, பணிக்காலத்தில் ஊனமானவரை அரசு நிறுவனம் வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்கிறது. பழைய வேலை முடியாவிட்டால் அதே சம்பளத்தில் வேறு வேலை. அதுவும் இல்லாவிட்டால் கூடுதல் பணியிடம் உண்டாக்கியாவது வைத்துக்கொள்ள வேண்டும். நான் வேலை பார்த்தது போன்ற அரசு உதவி பெறும் நிறுவனத்துக்கும் இது பொருந்தும் என்பதே எங்கள் வாதம். சட்டப் புத்தகத்தையே பார்த்திராத ஆச்சிக்குத் தோன்றியது, படித்த அதிகாரிகளுக்கு ஏன் தோன்றவில்லை? நினைத்தால் இன்னும் நெஞ்சு கொதிக்கிறது.

ஃபீஸுக்கு அவசரப்படாத வக்கீல், ராத்திரி உட்கார்ந்து, மனுவோடு தரும் ஆவணங்களின் தொகுப்பான டைப்டு செட்டை முடித்துக் கொடுத்த தங்கை, ஐகோர்ட் வாசலிலேயே பஸ்ஸை நிறுத்தி இறக்கிவிட்ட கண்டக்டர் அண்ணன்கள், சாட்சிக் கடிதம் தந்த பழைய சகாக்கள், வீட்டில் அடுப்பு அணையாமல் பார்த்துக்கொண்ட அக்கா — எல்லோருக்கும் கைகூப்பி நன்றி.

பதில் மனு வந்த பிறகுதான் அடுத்த விசாரணை. வேலை திரும்பக் கிடைத்தால், படியேற முடியாத எல்லோருக்கும் கீழ்த்தளத்தில் இடம் கேட்டு நான்தான் முதல் மனுக் கொடுப்பேன். கிடைக்காவிட்டால் வெளியில் இருந்தாவது கொடுப்பேன்.