மிச்சமிருந்த மாத்திரை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காசநோய் மாத்திரையை நடுவில் நிறுத்தக் கூடாது என்று சென்ற இதழ்க் கட்டுரை அழுத்திச் சொன்னது. சரி, நிறுத்திவிட்டவர் என்ன செய்வது? எங்கள் வீடு சறுக்கியது அங்கேதான்.

என் தம்பி லாரி ஓட்டுகிறான். ஆறு மாத மருந்தில் மூன்றாம் மாதமே இருமல் நின்றது, மாத்திரையையும் விட்டுவிட்டான். நான்கு மாதம் கழித்து மறுபடி இருமல். ஆஸ்பத்திரிக்குப் போனால் திட்டுவார்களே என்று, அலமாரியில் மிச்சமிருந்த அட்டையைப் பிரித்தான். முதல் நாள் லேசான குளிர். இரண்டாம் நாள் மாத்திரை போட்ட இரண்டு மணி நேரத்தில் நடுக்கம், வாந்தி, இடுப்பு வலி. சிறுநீர் கறுத்தது. "இந்த மாத்திரைக்கு அப்படித்தான் போகும்க்கா" என்றான், நானும் நம்பினேன். காசநோய் மருந்துகளில் ஒன்றான ரிஃபாம்பிசின் சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்குவது வழக்கம்தான். இதுவோ காப்பி டிகாக்‌ஷன் போல இருந்தது. அப்புறம் அதுவும் வரவில்லை.

மூன்று வாரம் டயாலிசிஸ். முன்பு சாப்பிட்டபோதே சிலருடைய உடம்பு ரிஃபாம்பிசினுக்கு எதிரான எதிர்பொருளை (ஆன்டிபாடி) உண்டாக்கி வைத்திருக்குமாம். இடைவெளி விட்டு அதே மருந்து உள்ளே போனதும் அந்த எதிர்பொருள் பாய்கிறது. ரத்தச் சிவப்பணுக்கள் உடையலாம், சிறுநீரகத்தின் நுண்குழாய்கள் கெடலாம். அபூர்வம் என்றார் மருத்துவர். ஆனால் 1970களின் தொடக்கத்திலேயே கவனித்து எழுதப்பட்ட விஷயமாம். பெரும்பாலானவர்களுக்குச் சிறுநீரகம் தேறிவிடும், தம்பிக்கும் தேறியது. ரிஃபாம்பிசினை மட்டும் இனி அவன் தொடவே கூடாது. அது இல்லாத கூட்டு மருந்து என்பதால் சிகிச்சை ஆறு மாதத்தோடு முடியாது.

இதைப் படித்துவிட்டு யாரும் பயந்து மாத்திரையை நிறுத்த வேண்டாம். ஒரு நாள் மறந்தவர்களைப் பற்றியும் நான் பேசவில்லை. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் விட்டவர்கள் பழைய அட்டையைத் தாங்களாகப் பிரிக்காமல், எப்போது விட்டோம் என்பதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். சளிப் பரிசோதனை, மருந்துக்கு நோய் கட்டுப்படுமா என்ற சோதனை எல்லாம் பார்த்துத்தான் மறுபடி தொடங்குவார்கள்.

சுகாதாரப் பணியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: திரும்பி வருபவரை முதல் வார்த்தையிலேயே ஏசாதீர்கள். என் தம்பி பயந்தது நோய்க்கு அல்ல, அந்த ஏச்சுக்குத்தான். நோயாளியின் சிகிச்சை அட்டையில் 'விட்ட மருந்தை நீங்களாகத் தொடங்காதீர்கள்' என்று தமிழில் ஒரு வரி அச்சிட்டால் நல்லது. அவனுடைய அட்டையின் பின்பக்கம் முழுக்க வெறுமையாகத்தான் இருந்தது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திண்டுக்கல்