தண்ணீர் நிறுத்தப்பட்டதையும் சொல்லுங்கள்: ராபின்சன் கோட்டைக்காக ஒரு திறந்த மடல்

நெப்ராஸ்கா மாநில வனவிலங்கு, பூங்கா ஆணையத்தாருக்கு வணக்கம்.

உங்கள் பொறுப்பில் இருக்கும் ராபின்சன் கோட்டைக்குக் கோடையில் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். குதிரைச் சவாரி போகிறார்கள், ராணுவ அதிகாரிகள் குடியிருந்த பழைய வீடுகளில் தங்குகிறார்கள். பிள்ளைகள் அங்கே ஓடியாடட்டும், நல்லதுதான். ஆனால் அங்கே ஓர் இரவு தங்குகிறவர்கூட 1879 ஜனவரியில் நடந்ததைத் தெரிந்துகொள்ளாமல் திரும்பக் கூடாது.

1874-ல் அமைந்த இந்த ராணுவ முகாமில், 1877-ல் லகோட்டா பூர்வகுடித் தலைவர் கிரேஸி ஹார்ஸ் குத்துப்பட்டு இறந்தது பலருக்கும் தெரியும். அடுத்த வருடம், இன்றைய ஓக்லஹோமாவில் நோயும் பசியும் தாங்காமல் வட செயென் பூர்வகுடி மக்கள் சுமார் 300 பேர் வடக்கே இருந்த சொந்த மண்ணுக்குக் கிளம்பினார்கள். அவர்களில் மார்னிங் ஸ்டாரின் தலைமையில் வந்த 149 பேரைப் பிடித்து, இங்கே ஒரு மரக் கொட்டடியில் வைத்தது ராணுவம். ஜனவரி தொடக்கத்தில், திரும்பத் தெற்கே போகச் சொல்லி உத்தரவு. செத்தாலும் போக மாட்டோம் என்றார்கள்.

கோட்டைக்குப் பொறுப்பாயிருந்த கேப்டன் வெசல்ஸ் சாப்பாட்டையும் விறகையும் நிறுத்தினார். அப்புறம் தண்ணீரையும் நிறுத்தினார். உள்ளே இருந்தவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். உறைபனிக் காலம் அது. ஜன்னலில் படிந்த பனியைச் சுரண்டி நாக்கை நனைத்தார்கள். 9-ஆம் தேதி இரவு, ஒளித்து வைத்திருந்த சில துப்பாக்கிகளோடு ஜன்னல் வழியே வெளியே பாய்ந்தார்கள். 22-ஆம் தேதி ஆன்டலோப் ஓடையருகே கடைசிக் குழுவும் சுடப்பட்டபோது, இறந்தவர்கள் 60 பேருக்கு மேல். சிலரின் எலும்புகள் அருங்காட்சியகங்களுக்குப் போயின. 1993-ல்தான் அவை திரும்பி வந்து, மொன்டானாவின் பஸ்பியில் அடக்கமாயின.

இதைச் சொல்லும்போது ஜன்னல் உடைந்த இரவிலிருந்து தொடங்காதீர்கள். அப்படித் தொடங்கினால் கைதிகள் ஓடினார்கள், காவலர்கள் சுட்டார்கள் என்று ஆகிவிடும். உத்தரவிலிருந்தும் தண்ணீர் நின்ற நாளிலிருந்தும் தொடங்குங்கள்.

பலகையைத் தேடிப் போய்ப் படிக்கிறவர்கள் எப்போதும் கொஞ்சம் பேர்தான். அதனால் தங்கும் அறை ஒவ்வொன்றிலும் இந்த வரலாற்றை ஒரு பக்கமாவது வையுங்கள். அதை நீங்கள் எழுத வேண்டாம். ஜனவரிதோறும் செயென் இளைஞர்கள் இந்தக் கோட்டையிலிருந்து பஸ்பி வரை சுமார் 400 மைல் பனியில் ஓடுகிறார்கள். அவர்களுடைய சமூகத்தையே எழுதித் தரச் சொல்லுங்கள். அவர்கள் தருவதை ஒரு வரிகூட வெட்டாமல் அச்சிடுங்கள்.