ஸ்டீவ் போகட்டும், மூன்றாவது ஸ்டாக் இருக்கட்டும்

நம் ஞாயிறு ஸ்மாஷ் (நின்டெண்டோவின் சண்டை வீடியோ கேம்) போட்டியை நடத்தும் அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும்,

வணக்கம். வரும் மாதத்திலிருந்து ஸ்மாஷ் அல்டிமேட் ஆட்டங்களில் ஆளுக்கு 3 ஸ்டாக் (உயிர்), 7 நிமிஷம் என்பது 2 ஸ்டாக், 5 நிமிஷம் ஆகிறது, மிகப் பலமான கேரக்டரான ஸ்டீவுக்குத் தடை வருகிறது என்று சொல்லியிருக்கிறீர்கள். ஸ்டீவ் விஷயத்தில் எனக்கு மறுப்பில்லை. வெளிநாட்டிலும் பல போட்டிகளில் தடை இருக்கிறது. ஸ்டாக் குறைப்பதை மட்டும் தயவுசெய்து கைவிடுங்கள்.

நேரம் போதவில்லை என்கிறீர்கள். உண்மைதான், கோடம்பாக்கம் ஹாலை எட்டு மணிக்குக் காலி செய்தாக வேண்டும். ஆனால் ஸ்டாக் எண்ணிக்கையில் கை வைத்தால் கேரக்டர்களின் பலமே மாறிவிடுகிறது. கசூயா என்ற கேரக்டரின் எலக்ட்ரிக் குத்து ஒன்று சரியாகப் பட்டால், அடியே வாங்காமல் பூஜ்யம் பெர்சன்டில் இருப்பவனுக்கே ஒரு ஸ்டாக் போகலாம். 3 ஸ்டாக்கில் அது மூன்றில் ஒரு பங்கு. 2 ஸ்டாக்கில் பாதி ஆட்டம். லூயிஜி எதிராளியைப் பிடிக்கும் கிராப்பும் இதே கதைதான். கேனன்டார்ஃப் மாதிரி மெதுவான கேரக்டருக்கோ, எதிராளி எப்போது குதிக்கிறான், எப்போது உருள்கிறான் என்று பார்த்துப் பிடிக்கவே ஒரு ஸ்டாக் செலவாகும். பேலன்ஸுக்காக ஸ்டீவை வெளியேற்றிவிட்டு, அதே கையால் கசூயாவுக்குச் சலுகை கொடுக்கிறோம்.

போன வாரம் சோதனைக்காக 2 ஸ்டாக் வைத்தீர்களே, நான் அந்த ஆவடித் தம்பியின் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். ரெண்டு ரயில் மாறி வந்தவன். கேனன்டார்ஃபை எடுத்தான். முதல் ஸ்டாக் போனதும் கன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டு உள்ளங்கையைப் பேண்ட்டில் துடைத்தான். திரும்ப எடுத்து ஒரு தடவை முன்னால் போனான், எலக்ட்ரிக் பட்டது, அவ்வளவுதான். எந்த ஸ்டேஜில் (களத்தில்) ஆடுவது என்று பேசி முடிவு செய்ய ஆன நேரம்கூட ஆட்டம் நடக்கவில்லை.

அல்டிமேட்டுக்கு முந்தைய ஸ்மாஷ் 4-இல் 2 ஸ்டாக்தானே வழக்கம் என்று கேட்பீர்கள். சரி, அது இதைவிட மெதுவான ஆட்டம். அதிலும் என்ன நடந்தது? பயோனெட்டா என்ற கேரக்டரின் காம்போ (தொடர் அடி) ஒன்றில் பாதி ஆட்டம் போனது. ஈவோ என்ற பெரிய சண்டை கேம் போட்டியின் 2018 இறுதியில் இரண்டு பக்கமும் பயோனெட்டா வந்தபோது கூட்டமே கூச்சலிட்டது. 2015 ஈவோவில் கஸ்டம் மூவ்களை (கேரக்டரின் வழக்கமான அடிகளுக்குப் பதில் தேர்ந்தெடுக்கும் மாற்று அடிகளை) அனுமதித்துப் பார்த்து, அடுத்த வருஷமே எடுத்துவிட்டார்கள். ஒரு விதி சரிவரவில்லை என்றால் திரும்பிப் போவதில் தப்பே இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. அல்டிமேட்டுக்குக் கேரக்டர்களின் பலத்தைச் சரிசெய்யும் கடைசி பேலன்ஸ் பேட்ச் வந்தது 2021 இறுதியில். இனி கசூயாவை யாரும் திருத்தப்போவதில்லை. மிச்சமிருப்பது ரூல்செட் மட்டும்தான், அது உங்கள் கையில் இருக்கிறது.

அப்புறம், நேரம் எங்கே போகிறது என்று போன வாரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு செட்டுக்கு (இருவர் மோதும் சில ஆட்டங்களுக்கு) முன்னும் கன்ட்ரோலரை இணைக்கிறோம், பிறகு ஆளாளுக்குப் புதிதாக டேக் (தன் பெயரில் பட்டன் அமைப்பு) உருவாக்கி பட்டன் மாற்றுகிறோம். முந்தைய செட்டில் ஆடியவர் தன் ப்ரோ கன்ட்ரோலரைப் பையில் போடும்போது பட்டன் அழுந்தி, அது மறுபடி அதே ஸ்விட்ச் கேம் கருவியில் சேர்ந்துகொள்கிறது. நடுவில் ஆட்டம் நிற்கிறது, திரும்ப ஆடுவதா வேண்டாமா என்று பத்து பேர் பேசுகிறார்கள். எல்லாரும் ஒயரில் ஆடுவோம். டேக்குகளை எல்லா ஸ்விட்ச்சிலும் முன்கூட்டியே போட்டுவிடலாம். அதற்கும் மேல் நேரம் இடித்தால், அரையிறுதி வரை மூன்று ஆட்டத்தில் இரண்டு வென்றால் போதும் என்று செட்டைச் சுருக்குங்கள். ஒரு ஆட்டத்துக்குள் இருக்கும் ஸ்டாக்கைத் தொடாதீர்கள்.

வரும் ஞாயிறு நான் காலை ஒன்பது மணிக்கே வந்து டேக் எல்லாம் போட்டு வைக்கிறேன். ஹால் சாவி யாரிடம் வாங்க வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் போட்டியில் ஆடும் ஒருவன்