பஸ் கழகத்தின் கையில், திரும்பும் இடம் ஊராட்சியின் கையில்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தருமபுரி, கிருஷ்ணகிரி ஆட்சியர் அலுவலகங்களில் திங்கள்தோறும் நடக்கும் குறைதீர் கூட்டத்துக்கு வரும் மனுக்களில் 'எங்கள் ஊருக்குப் பஸ் விட வேண்டும்' என்பது தவறாமல் இருக்கும். மனு போக்குவரத்துக் கழகத்துக்குப் போகும். 'போதிய வருவாய் இல்லை' என்றோ 'வாகனம், பணியாளர் பற்றாக்குறை' என்றோ பதில் வரும். அதோடு கோப்பு மூடப்படும். கேட்டவர் பொய் சொல்லவில்லை, பதில் எழுதியவரும் பொய் சொல்லவில்லை. நடுவில் உட்கார வேண்டிய உள்ளாட்சிதான் அங்கே இல்லை.

பஸ் கழகத்துக்கோ தனியாருக்கோ சொந்தம். பர்மிட்டும் ஓட்ட நேரமும் ஆட்சியர் தலைமையிலான வட்டாரப் போக்குவரத்து ஆணையத்தின் பொறுப்பு. ஆனால் ஊருக்குள் போகும் சாலை, கடைசியில் திரும்பும் இடம், தெருவிளக்கு, பேருந்து நிலையம், அதிலுள்ள கடைகள், கழிப்பறை எல்லாம் பெரும்பாலும் நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சிகளின் பொறுப்பு. பஸ்கள் நிற்க வேண்டிய இடங்களை உள்ளாட்சியைக் கலந்துகொண்டு முடிவு செய்ய வேண்டும் என்று 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 117-ஆம் பிரிவே சொல்கிறது. நடைமுறையில் கலந்துகொள்வது என்பது ஒரு கடிதம் போவதும் அதற்குப் பதில் வராமல் இருப்பதும்தான்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நகரப் பேருந்து நிலையத்திலிருந்து 22 கி.மீ. தள்ளி ஓர் ஊர் என்று வைத்துக்கொள்வோம். போக 50 நிமிடம், வர 50 நிமிடம், இரண்டு முனையிலும் பத்துப் பத்து நிமிட நிற்பு. ஒரு சுற்றுக்கு இரண்டு மணி நேரம். காலை 6 மணி முதல் இரவு 8 மணி வரை ஒரு பஸ் ஏழு சுற்று வரும். அந்த 50 நிமிடத்தில் பத்து நிமிடம் நகருக்குள் ஊர்ந்து பேருந்து நிலையத்துக்குள் நுழையவும் வெளியேறவுமே போய்விடுகிறது. அதைப் போகும்போதும் வரும்போதும் மீட்டால் சுற்று 100 நிமிடமாகக் குறையும், ஏழு சுற்று எட்டாகும். அதே பஸ், அதே ஆட்கள். கூடுதல் செலவு என்று பார்த்தால் 44 கி.மீ. ஓட ஏறக்குறைய எட்டு லிட்டர் டீசல். புதுப் பஸ் கேட்டு மனுப் போடுமுன் இந்தப் பத்து நிமிடத்தைத்தான் கேட்க வேண்டும். கேட்க வேண்டிய இடமும் பணிமனை அல்ல, நகராட்சி.

பேருந்து நிலையத்தின் வாயில் முகப்பில் ஷேர் ஆட்டோ நிற்கும். வெளியேறும் பக்கம் பழ வண்டி. உள்ளே கடைக்காரர் சாமானை நடைமேடையில் பாதி தூரம் இறக்கி வைத்திருப்பார். பயணிகள் நிற்க இடமில்லாமல் பஸ் நிற்கும் தளத்துக்கே இறங்கி நிற்பார்கள். அவர்களை இடிக்காமல் நிறுத்த டிரைவர் வண்டியைச் சற்றுக் கோணலாகப் போடுவார். வால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அடுத்து வரும் பஸ் அங்கேயே நின்று ஹார்ன் அடிக்கும். கடை வாடகையும் பஸ்களின் நுழைவுக் கட்டணமும் வசூலிப்பது உள்ளாட்சி என்பதால் இதைச் சரிசெய்யவும் அதற்கே உரிமை உண்டு. கடை ஏல நிபந்தனையில் 'ஷட்டர் கோட்டைத் தாண்டி சாமான் வைக்கக் கூடாது, மீறினால் இவ்வளவு அபராதம்' என்று ஒரு வரி சேர்க்கலாம். தரையில் மஞ்சள் கோடு போடலாம். ஆய்வுக்கு வருகிறவர்கள் காலை எட்டரைக்கும் மாலை ஐந்துக்கும் வர வேண்டும். பதினோரு மணிக்கு வந்தால் எல்லாம் ஒழுங்காகத்தான் தெரியும்.

இனி ஊர்ப் பக்கம். ஒரு வழித்தடம் தேய்ந்து சாவதற்குப் பெரிய காரணம் தேவையில்லை, கடைசி ஊரில் பஸ் திரும்ப இடமில்லை என்பதே போதும். 12 மீட்டர் நீளமுள்ள பஸ் ஒரே வளைவில் திரும்ப ஏறக்குறைய 25 மீட்டர் விட்டமுள்ள வெற்றிடம் வேண்டும். அது இல்லாத ஊரில் கண்டக்டர் இறங்கி, பின்னால் போய், பக்கவாட்டில் தட்டிக்கொண்டே 'வரட்டும், வரட்டும்' என்று சொல்ல, டிரைவர் முச்சந்தியில் பின்பக்கமாக நுழைத்துத் திருப்புவார். அங்கே ஒரு பைக் நின்றாலும், கோயில் பந்தல் போட்டாலும், வைக்கோல் போர் அரை மீட்டர் வெளியே வந்தாலும் பஸ் முந்தின ஊரிலேயே திரும்பிவிடும். ஒரு வாரம் அப்படி நடந்தால் கடைசி ஊரின் வசூல் சீட்டில் சைபர் விழும். அடுத்த பரிசீலனையில் 'வருவாய் இல்லை' என்று எழுத அந்தச் சைபரே போதும். ஊராட்சி செய்ய வேண்டியது இவ்வளவுதான்: புறம்போக்கில் இடம் பார்த்து, சர்வே எண்ணோடு தீர்மானம் போட்டு, கிராவல் கொட்டி உருளை ஓட்டி, நான்கு மூலையிலும் கல் நட்டு, ஒரு விளக்குப் போடுவது. கல் முக்கியம். கல் இல்லாத இடம் இரண்டு வருடத்தில் களமாகிவிடும்.

வேகத்தடையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. சாலைகளுக்கான தர அளவுகளை வகுக்கும் இந்திய சாலை காங்கிரஸ் சொல்லும் அளவு 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம். நம் கிராமச் சாலைகளில் இருப்பதோ முழ அகலம், சாண் உயரம். ஒரு விபத்து நடந்த மறுநாள் ஊரே சேர்ந்து போட்டது, அந்தக் கோபம் நியாயமானதும்கூட. ஆனால் அதன்மேல் ஆள் நிறைந்த பஸ் ஒரு நாளில் பதினான்கு தடவை ஏறி இறங்கினால் ஸ்பிரிங் பட்டை உடையும், பட்டைகளைப் பிடித்திருக்கும் சென்டர் போல்ட் அறுந்து அச்சு நகரும், பின்படி தரையில் உரசும். உடைந்த வண்டி பணிமனைக்குப் போகும், மாற்று வண்டி இருந்தால் வரும். இல்லையென்றால் அன்றைய நடை, அதாவது ஓட்டம், கட். தடையை எடுத்துவிடச் சொல்லவில்லை. அளவுக்குப் போட்டு, வெள்ளை வண்ணம் அடித்து, முன்கூட்டியே பலகை வைத்தால் பைக்கும் மெதுவாகப் போகும், பஸ்ஸும் பிழைக்கும்.

ஒற்றைத் தடக் கிராமச் சாலை பெரும்பாலும் 3.75 மீட்டர் அகலம், பஸ் அகலம் இரண்டரை மீட்டருக்குச் சற்று மேல். எதிரே கரும்பு டிராக்டர் வந்தால் ஒரு சக்கரம் மண்ணில் இறங்கியே ஆக வேண்டும். அந்த மண்தான் இன்று நம்ப முடியாததாக இருக்கிறது. 2013-ல் பயன்பாட்டுக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஃபுளோரைடு தண்ணீரிலிருந்து இரண்டு மாவட்டங்களையும் மீட்க வந்த திட்டம், அதைக் குறை சொல்ல மனம் வராது. ஆனால் குழாய்க்காகச் சாலையோரம் தோண்டிய பள்ளத்தை, எந்தத் திட்டத்துக்காகத் தோண்டியிருந்தாலும் சரி, ஒரேயடியாக மண்ணைத் தள்ளி மூடிவிட்டால் முதல் மழையில் அது உள்வாங்கும். அரையடிக்கு ஒரு அடுக்காகக் கொட்டி, தண்ணீர் விட்டு, இடித்து மூட வேண்டும். வேலை முடிந்ததென்று ஊராட்சி கையெழுத்துப் போடுமுன் அந்தத் தடத்தின் பஸ் டிரைவரிடம் ஒரு வார்த்தை கேட்டால், எந்த இடம் இறங்கும் என்று அவரே சொல்லிவிடுவார். கிளை வெட்டும்போதும் அப்படித்தான். தரையிலிருந்து நாலரை மீட்டர் உயரம் வரை வெட்டினால்தான் கூரை தட்டாது. எட்டிய உயரத்துக்கு வெட்டினால் ஜன்னலோரம் உட்கார்ந்தவருக்கு மட்டும் நல்லது.

நிழற்குடை விஷயம் வேடிக்கை. தொகுதி நிதியில் கட்டும்போது புறம்போக்கு எங்கே காலியோ அங்கே கட்டிவிடுகிறார்கள். பஸ் நிற்கும் இடமான ஸ்டேஜ் நூறு மீட்டர் தள்ளி இருக்கும். மக்கள் வெயிலில் ஸ்டேஜில் நிற்பார்கள், குடையில் ஆடு நிற்கும். கட்டுவதற்கு முன் கழகப் பணிமனையின் கிளை மேலாளரோடு ஒரு முறை இடத்தைப் பார்த்தால் போதும். சந்திப்புக்கு மிக அருகே வேண்டாம், 75 மீட்டராவது தள்ளி இருக்கட்டும். எதிரெதிர் நிறுத்தங்கள் நேருக்கு நேராக வேண்டாம், இரண்டு பஸ்ஸும் ஒரே நேரத்தில் நின்றால் சாலையே அடைபடும்.

கேட்கும் முறைக்கு வருவோம். ஆள் எண்ணாமல் எழுதும் மனுவுக்கு எடை இல்லை. செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும், கூடவே சந்தை நாளிலும் எண்ண வேண்டும். காலை 7 முதல் 10 வரை, மாலை 3.30 முதல் 7.30 வரை. இரண்டு பேர், ஒரு நோட்டு. பஸ் வந்த உண்மையான நேரம், பலகை எண், ஏறியவர்கள், அதில் மாணவர், கட்டணமில்லாப் பெண்கள், டிக்கெட் எடுத்தவர்கள், கடைசியாக ஏற முடியாமல் நின்றவர்கள். இந்தக் கடைசிக் கட்டம்தான் உயிர். கண்டக்டரின் மெஷினில் ஏறியவர் மட்டுமே பதிவாவார், விட்டுப்போனவருக்குக் கணக்கு எங்குமே கிடையாது. முகூர்த்த நாளிலும் தேர்வு வாரத்திலும் எண்ண வேண்டாம், கணக்கு ஏமாற்றும்.

அப்படி எண்ணிப் பார்த்தால் பல ஊர்களில் தெரிய வருவது பஸ் குறைவு என்பதல்ல, பத்து நிமிட இடைவெளியில் மூன்று பஸ் வந்துவிட்டு அடுத்த எழுபது நிமிடத்துக்கு ஒன்றும் இல்லை என்பது. அரசு பஸ்ஸும் தனியார் பஸ்ஸும் ஒரே கூட்டத்தைத் துரத்துவதால் வருவது இது. 2021-லிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. ஆகவே அவர்கள் முன்னால் வரும் தனியார் பஸ்ஸையும் புறநகர் பஸ்ஸையும் விட்டுவிட்டு டவுன் பஸ்ஸுக்குக் காத்திருப்பார்கள். டவுன் பஸ் பிதுங்கி வரும். இலவசமானாலும் ஆளுக்கொரு சீட்டுக் கொடுத்தாக வேண்டும். அடுத்த ஸ்டேஜ் வருவதற்குள் கொடுத்து முடிக்க முடியாமல் ஊர் எல்லையில் பஸ்ஸை நிறுத்திக் கண்டக்டர் சீட்டுப் போடுவார். உள்ளே இருப்பவர்கள் அவரைத் திட்டுவார்கள். நேரத்தைப் பத்து நிமிடம் மாற்றி வைக்க வேண்டியவர்கள் திட்டு வாங்குவதில்லை. தனியார் உரிமையாளர்களைக் கூட்டத்துக்கு அழைக்காமல் இந்த நேரப் பிரச்சினை தீராது. அவர்கள் எதிரிகள் அல்ல. பல தடங்களில் சாயங்காலம் கடைசி வண்டியே அவர்களுடையதுதான்.

சந்தை நாளை நேர அட்டவணை மறந்துவிடுகிறது. காரிமங்கலத்துக்குச் செவ்வாய், போச்சம்பள்ளிக்கு ஞாயிறு. ஞாயிறு என்றால் மாணவர் இல்லை என்று நடையைக் குறைக்கும் அதே நாளில்தான் அங்கே மூட்டையும் ஆளுமாகக் கூட்டம். ஓசூர்ப் பக்கம் கதை வேறு: அங்கே கணக்கைத் தொழிற்சாலை ஷிப்ட் நேரம்தான் தீர்மானிக்கிறது, பள்ளி மணி அல்ல. 2025-ல் நடைமுறைக்கு வந்த புதிய மினி பஸ் திட்டத்தில் 25 கி.மீ. வரை தடம் அமைக்கலாம். பெரிய பஸ் திரும்ப முடியாத ஊர்களுக்கு அது நல்ல வழி, ஆனால் மினி பஸ் வந்து சேர்ந்த இரண்டாவது நிமிடம் பெரிய பஸ் கிளம்பிவிட்டிருந்தால் யாருக்கும் பயனில்லை. இணைப்பு நேரத்தையும் தீர்மானத்தில் எழுத வேண்டும்.

இரவு ஹால்ட் பஸ் தனியாகச் சொல்ல வேண்டியது. ஊரிலேயே இரவு தங்கும் பஸ் காலை ஐந்தரைக்குக் கிளம்பும். தருமபுரி பூ மார்க்கெட்டுக்குச் சாமந்தி, மல்லி கொண்டுபோகிறவர்களும், சேலம் பெரிய ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்க வேண்டியவர்களும் அதை நம்பித்தான் இருக்கிறார்கள். ஹால்ட் ரத்தானால் முதல் பஸ் பணிமனையிலிருந்து வந்து திரும்ப ஆறரை ஆகிவிடும். பெரும்பாலும் ரத்தாவது வருவாய்க்காக அல்ல. டிரைவரும் கண்டக்டரும் படுக்க ஓர் அறை இல்லை, கழிப்பறை பூட்டியிருக்கிறது, தண்ணீர் இல்லை. பஸ்ஸுக்குள்ளேயே கொசுக்கடியில் தூங்கி எழுந்தவர் கையில் ஐம்பது உயிரைக் கொடுத்து மலைச்சாலையில் அனுப்புவது நியாயமும் இல்லை. ஊராட்சிக் கட்டடத்தில் ஓர் அறை, இரண்டு கட்டில், ஒரு மின்விசிறி. செலவு என்று சொல்லும் அளவுக்குக்கூட வராது.

இதற்கெல்லாம் புதிய குழு வேண்டாம். ஆட்சியர் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு ஏற்கெனவே கூடுகிறது, போக்குவரத்து அலுவலர், காவல்துறை, நெடுஞ்சாலைத்துறை, கழகம் எல்லோரும் வருகிறார்கள். அதில் அரை மணி நேரம் பஸ்ஸுக்கு ஒதுக்கி, உள்ளாட்சிப் பொறியாளரையும் தனியார் உரிமையாளர் இருவரையும் கூப்பிட்டால் போதும். மாதம் நான்கு வழித்தடம், ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கத் தாள். இடப்பக்கம் உள்ளாட்சி செய்ய வேண்டியது, வலப்பக்கம் பஸ் நடத்துகிறவர் செய்ய வேண்டியது, இரண்டுக்கும் தேதி. திரும்பும் இடம் இந்தத் தேதிக்குள் தயாரானால் இத்தனை நடை இந்தத் தேதியிலிருந்து ஓடும் என்று இரு தரப்பும் கையெழுத்து. இங்கிலாந்தில் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் வழியாக உள்ளாட்சிகளும் பஸ் நிறுவனங்களும் இப்படித்தான் ஒருவரை ஒருவர் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் செய்துகொள்கின்றன. அவர்கள் பணமும் சாலையும் வேறு, ஆனால் தாளில் இரண்டு பத்தி போட நமக்குப் பணம் தேவையில்லை.

ஒரு சிக்கல் உண்டு. 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊரக உள்ளாட்சிகளின் காலம் 2025 ஜனவரியோடு முடிந்து தனி அலுவலர்களிடம் பொறுப்புப் போனது. தலைவர் இருந்தாலும் தனி அலுவலர் இருந்தாலும் கிராம சபை கூடும். அடுத்த கூட்டத்தில் 'பஸ் வசதி வேண்டும்' என்று ஒற்றை வரித் தீர்மானம் எழுதப் போகிறவர்கள், எந்த நேரத்துக்கு, எத்தனை பேருக்கு, திரும்பும் இடத்தின் சர்வே எண் என்ன, ஹால்ட் அறையின் சாவி யாரிடம் இருக்கும் என்ற நான்கையும் சேர்த்து எழுதி, ஒரு நகலைக் கிளை மேலாளரிடம் நேரில் கொடுத்து முத்திரை வாங்கிக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பேருந்தோடு நாளும் புழங்கும் வாசகர்கள் சிலர்,
பென்னாகரம் வட்டம், தருமபுரி மாவட்டம்.