ஒரு நாள் சீட்டு போதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சம்பளத்துக்கு மேல் சொந்தமாக ஏதாவது செய்து சம்பாதிப்பவர்களைப் பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கைவினைப் பொருள் செய்பவர்கள், ஃப்ரீலான்ஸ் வேலை பார்ப்பவர்கள், பழைய பொருள் வாங்கி விற்பவர்கள் என்று எல்லாரையும் மனசாரப் பாராட்டியிருந்தீர்கள், சந்தோஷம். ஆனால் செய்த பொருளை எங்கே உட்கார்ந்து விற்பது என்பதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எல்லாம் இன்ஸ்டாகிராமிலேயே விற்றுவிடும் என்று நினைத்துவிட்டீர்கள் போல. எங்களைப் போன்றவர்கள் வாரத்தில் ஒரு நாள் மட்டும் உட்கார்ந்து விற்க ஒரு அனுமதிச் சீட்டு வேண்டும் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

நான் பதிப்பகங்களுக்கு வீட்டிலிருந்தே பக்க வடிவமைப்பு செய்து கொடுக்கிறேன். வெள்ளிக்கிழமையானால் பல்லாவரம் சந்தையில் ஒரு தார்ப்பாயை விரித்துப் பழைய புத்தகம் விற்கிறேன். அந்தச் சந்தையைத் தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டுமென்றால், பழைய டிரங்க் ரோட்டில் வெள்ளிதோறும் கூடுவது, ரோஜாச் செடியும் மீன் தொட்டியும் மூடியில்லாத மிக்ஸி ஜாரும் பித்தளைச் சொம்பும் எந்த போனுக்கும் பொருந்தாத சார்ஜரும் ஒரே வரிசையில் கிடக்கும். குப்பை என்று மூக்கைச் சுளிப்பவர்களும் உண்டு, அவர்களே வெறுங்கையோடு திரும்பிப் போய் நான் பார்த்ததில்லை.

என்னிடம் அதிகம் போவது பாடப் புத்தகமோ ஆங்கில நாவலோ இல்லை, பைண்டிங். அந்தக் காலத்தில் வார இதழில் வந்த தொடர்கதையை வாராவாரம் கிழித்துச் சேர்த்து, ஊசி நூலால் தைத்து, கெட்டி அட்டை போட்டு வீட்டில் வைத்திருப்பார்களே, அதுதான். பரணைக் காலி பண்ணும்போது அதைப் பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போட்டுவிடுகிறார்கள், அங்கிருந்து பொறுக்கி எடுத்து வருவதுதான் என் தொழில். வாங்க வருபவர் முதலில் பார்ப்பது கடைசி அத்தியாயம் இருக்கிறதா என்று. அப்புறம் படங்கள். கோபுலுவோ மணியமோ வரைந்த பக்கம் முழுசாக இருந்தால் பேரமே வேறு மாதிரி போகும், கதை அச்சுப் புத்தகமாக எங்கேயும் கிடைக்கும், அந்தப் படங்களோடு கிடைக்காது. முதல் பக்கத்தில் 'இரவல் கேட்காதீர்கள்' என்று மையால் எழுதியிருக்கும். பின்பக்கத்தில் பாதித் துணுக்கும் ஒரு தலைவலித் தைல விளம்பரமும் ஓடும், அதற்காகவே வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள்.

எனக்குப் பக்கத்தில் உட்காரும் அக்கா பழைய பட்டுச்சேலையில் சுருக்குப்பை தைக்கிறார், மற்ற நாளில் ஏற்றுமதித் துணி கம்பெனியில் தையல் வேலை. அசல் வெள்ளிச் சரிகை உள்ள சேலை இவர் கைக்கு வருவதே இல்லை, அதை உருக்குவதற்காகப் பழம்பட்டு வியாபாரி வாசலிலேயே வாங்கிப் போய்விடுகிறார். போலிச் சரிகைச் சேலைதான் மிச்சம். அதில் நைந்துபோன இடத்தையெல்லாம் விலக்கி, முந்தானையில் உள்ள மயில் சரியாகப் பையின் நடுவில் வருகிற மாதிரி வெட்டுவார் பாருங்கள், எந்த டிசைன் காலேஜிலும் சொல்லித்தர முடியாது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சாலையோரம் விற்பவர்களைக் காக்க 2014-இல் மத்திய அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. நல்ல சட்டம்தான். சாலையோர வியாபாரிகளின் கணக்கெடுப்பு முடியும்வரை யாரையும் விரட்டக் கூடாது, இடம் மாற்றுவதென்றால் 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும், பொருளைப் பறிமுதல் செய்தால் பட்டியல் எழுதித் தர வேண்டும், கெடாத பொருளென்றால் கேட்ட இரண்டு வேலை நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். இதையெல்லாம் ஊரளவில் கவனிக்கிற நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளே இருக்க வேண்டும் என்றுகூட இருக்கிறது. ஆனால் விற்பனைச் சான்றிதழ் வாங்கும்போது மூன்று உறுதிமொழி கொடுக்க வேண்டும். அதில் ஒன்று, எனக்கு வேறு பிழைப்பு எதுவும் இல்லை என்பது.

எங்களால் அதை எழுதிக்கொடுக்க முடியாது, பொய்யாகிவிடும். உங்கள் கட்டுரையில் வந்த அத்தனை பேராலும் முடியாது. வேறு ஒரு வேலை இருப்பதனால்தானே இந்தச் சம்பாத்தியத்துக்கே 'உபரி' வருமானம் என்று பெயர்.

அந்த நிபந்தனையை எடுத்துவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை, தயவுசெய்து யாரும் அப்படிப் படிக்க வேண்டாம். அது இல்லையென்றால் கையில் காசுள்ளவன் பத்து இடத்தைப் பிடித்து ஆள் போட்டு நடத்துவான், பூ விற்கிற அம்மாவுக்கு மூலைகூட மிஞ்சாது. வருஷம் முழுக்க வெயிலில் நிற்பவருக்குத்தான் நிரந்தர இடம் போக வேண்டும். எங்களுக்கு இடமே வேண்டாம், நேரம் போதும். வாரத்தில் ஒரு காலைப் பொழுது.

இது புதுசும் இல்லை. நம் ஊர் வாரச்சந்தைகளில் காலங்காலமாக இப்படித்தான். போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையானாலும் அய்யலூர் வியாழக்கிழமை ஆட்டுச் சந்தையானாலும், விற்க வருபவனிடம் உனக்கு வேறு தொழில் உண்டா என்று யாரும் கேட்பதில்லை. சுங்கத்தைக் கட்டினால் சீட்டு, அன்றைக்கு அந்த இடம் உனக்கு, பொழுது சாய்ந்தால் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பு. பெருநகரத்துக்கு வந்ததும்தான் இந்தச் சுலபமான ஏற்பாடு நமக்கு மறந்துபோகிறது. சென்னையில் பழைய பொருளுக்கென்றே இருந்த மூர் மார்க்கெட் 1985 மே மாதம் எரிந்தது. அந்த இடத்தில் இப்போது புறநகர் ரயில் நிலையம் நிற்கிறது, கடைக்காரர்கள் பக்கத்தில் அல்லிக்குளம் வளாகத்துக்குப் போனார்கள். கடை இருந்தவர்களுக்குக் கடை கிடைத்தது, நல்லதுதான். கடையே இல்லாமல் ஒரு சாக்கு மூட்டையோடு வருகிறவனுக்கென்று அதற்கப்புறம் யாரும் யோசித்த மாதிரி தெரியவில்லை.

சீட்டு இல்லாவிட்டால் என்ன ஆகிறது என்பதற்கு என் அனுபவம் ஒன்று. வேறொரு ஊரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாலையோரம் கடை போட்டிருந்தபோது கடைகளை அகற்றுகிற வேன் வந்தது. ஒரு பெட்டிப் புத்தகத்தைத் தூக்கிப் போட்டுக்கொண்டார்கள். பட்டியல் கேட்டேன், நீங்கதான் வியாபாரியே இல்லையே, உங்களுக்கு எதுக்கு லிஸ்ட் என்றார் வந்தவர். சான்றிதழ் இருந்த பழக்கடைக்காரருக்கு மட்டும் மரியாதையாகப் பேசிவிட்டுப் போனார்கள். பெட்டி திரும்ப வந்தது, புத்தகங்கள் பாதிதான் வந்தன.

இதே நான் பக்க வடிவமைப்பாளராகப் போனால் கதை வேறு. சிறு தொழில்களுக்கென்று மத்திய அரசு வைத்திருக்கும் உத்யம் பதிவை ஆதாரை வைத்து இலவசமாக போனிலேயே முடித்துவிட்டேன். சிறு தொழில் செய்கிறவருக்கு அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும் என்று 2006-ஆம் வருஷச் சட்டம் சொல்கிறது, தராவிட்டால் புகார் செய்ய ஒரு வழியும் இருக்கிறது. (புகார் செய்தால் அடுத்த புத்தகம் வராது என்பது வேறு விஷயம்.) கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் அரசாங்கத்துக்கு என்னைத் தெரிகிறது, தார்ப்பாயில் உட்கார்ந்தால் தெரியவில்லை.

பழைய பொருள் என்றாலே திருட்டுப் பொருளோ என்று போலீஸ் சந்தேகப்படுவதையும் நான் குறை சொல்லமாட்டேன், முக்கியமாக போன் விஷயத்தில். வாங்குபவர்கள் ஐஎம்இஐ என்கிற போனின் அடையாள எண்ணைப் போட்டு 14422-க்கு ஒரு எஸ்எம்எஸ் அனுப்பினாலே அந்த போன் முடக்கப்பட்டதா என்று தெரிந்துவிடும், கேஒய்எம் என்று ஆங்கில எழுத்தில் அடித்து, இடம் விட்டு, எண்ணை அடிக்க வேண்டும். ஆனால் விற்றவர் யார் என்று எந்தப் பதிவும் இல்லாத இடத்தில்தான் திருட்டுப் பொருள் சுலபமாகக் கைமாறும். பெயரும் போன் எண்ணும் எழுதிய ஒரு நாள் சீட்டு இருந்தால் போலீசுக்கும் வசதி, எங்களுக்கும் மானம் மிச்சம்.

நான் கேட்பது இவ்வளவுதான். ஒவ்வொரு மாநகராட்சியும் ஒரு திடலையோ ஞாயிறு காலையில் காலியாகக் கிடக்கும் ஒரு வாகன நிறுத்தத்தையோ ஒதுக்கட்டும். கையால் செய்த பொருளும் பழைய பொருளும் மட்டும், ஆளுக்கு ஒரு பாய் அளவு, ஒரு நாள் சீட்டு. புதுச் சரக்கை மொத்தமாக இறக்குகிறவர்களை உள்ளே விடாதீர்கள், விட்டால் பக்கத்துத் தெருத் துணிக்கடைக்காரர் நியாயமாகவே சண்டைக்கு வருவார். வசூலைத் தனியாருக்கு ஏலம் விட்டால் கட்டணப் பலகையை வாசலில் பெரிய எழுத்தில் வைக்கச் சொல்லுங்கள், பல சந்தைகளில் சீட்டில் ஒரு தொகையும் கையில் வாங்குவது வேறு தொகையுமாக இருக்கிறது. பெண்களுக்குப் பூட்டி வைக்காத ஒரு கழிப்பறை கட்டாயம் வேண்டும், அது இல்லாததால்தான் எங்களில் பலர் பதினோரு மணிக்கே கடையைக் கட்டுகிறோம்.

இப்படிக்கு,
பம்மலிலிருந்து ஒரு வாசகி