ஹப்புத்தளையில் அம்மாவைச் சுமந்து சென்ற அண்ணனுக்கு

பெயரைக் கேட்பதற்குள் போய்விட்டீர்கள், அண்ணா. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

இலங்கை மலையகத்தில், ஹப்புத்தளைக்குக் கீழே, காட்டுக்குள் மரத்தின் மேல் கட்டிய குடிலில் அம்மாவுடன் தங்கியிருந்தேன். அங்கே மின்கம்பி கிடையாது, சூரிய ஒளித் தகடு மட்டும்தான். ஐப்பசி மழையும் மூடுபனியுமாக வெயிலே படாமல் பற்றரி இறங்கிவிட்டது. நள்ளிரவில் அம்மாவுக்கு இழுப்பு. நெபுலைசர் ஓடவில்லை. தொலைபேசியில் சிக்னலும் இல்லை.

டோர்ச் வெளிச்சம் அலைவதை, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்திலிருந்து பார்த்து, யாரும் கூப்பிடாமலே ஏறி வந்தீர்கள். முதல் வேலையாக அம்மாவின் கால்களில் சவர்க்காரத்தை அழுத்தித் தேய்த்தீர்கள், அட்டை ஏறாதிருக்க. அந்த நேரத்தில் அட்டையா பெரிது என்று நினைத்தேன். அம்மாவுக்கோ அட்டை என்றாலே நடுக்கம்; பதறினால் இழுப்பு இன்னும் கூடும். பிறகு கம்பளியால் போர்த்தி முதுகில் ஏற்றிக்கொண்டு, ஈரப் படிகளில் பக்கவாட்டாகக் காலூன்றி இறங்கினீர்கள். “அம்மா, மெதுவா மூச்சு விடுங்க” என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தீர்கள். உறங்கிக்கொண்டிருந்த ஆட்டோக்காரரை எழுப்பி, தியத்தலாவை ஆஸ்பத்திரிவரை கூடவே வந்தீர்கள்.

நனைந்த சட்டையுடன் ஆஸ்பத்திரி வாங்கிலேயே உட்கார்ந்திருந்தீர்கள். விடிந்ததும், தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் பிரட்டுக்கு நேரமாகிறது என்று கிளம்பிவிட்டீர்கள். பிந்தினால் அன்றைய பெயர், அதாவது நாட்சம்பளம், போய்விடுமே! நீட்டிய பணத்தையும் வாங்கவில்லை.

அம்மா நலம், அண்ணா. உங்களைத்தான் கேட்டுக்கொண்டே இருக்கிறார். அந்தப் பக்கத்துத் தோட்டங்களில் இருப்பவர்கள் தயவுசெய்து இதை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.